பகிர்வு மாளிகையில் ஒரு ரப்பர் வளையம்

தன் அறிவைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளாவிட்டால் தூக்கமே வராத கம்பெனிகள் உலகத்தில் இருக்கின்றன என்பது ரப்பர் அக்காவுக்கு ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது. தெரியாததால் அவள் பிழைப்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. குழாய்க்கு வாஷர், தையல் மெஷினுக்குப் பட்டை, கார் கதவுக்கு ஓரப்பட்டை என்று ரப்பரை அச்சில் வைத்து அழுத்திச் சுட்டு விற்கிற சின்னப் பட்டறை அவளுடையது. வீட்டுக்கும் பட்டறைக்கும் ஒரே வாசல். தெருவில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வினை வீட்டு முன்னறையில் இருந்தது. அவள் கணவர் பஸ் கண்டக்டர். வருஷக்கணக்கில் புகையும் தூசியும் தின்று நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷின் இப்போது கட்டிலோரம் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வரும் குழாய் மூக்கில் இருக்கும்வரைதான் அவர் மனுஷன். அந்த மெஷினுக்குள்ளே விரல் மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம். அது இறுகி விரிசல் விட்டால் காற்று கசியும், மெஷின் கத்தும், அவருடைய உதடு நீலம் பாரிக்கும்.

அந்த வளையத்தை விற்பதை மெஷின் கம்பெனி நிறுத்திவிட்டது. “பழைய மாடல், புதுசு வாங்கிக்கோங்க” என்றார்கள். புது மெஷின் வாங்கப் பட்டறையை விற்க வேண்டும். அக்கா தானே ஒரு வளையம் செய்து பார்த்தாள். ஒரு வாரம் தாங்கி உடைந்தது. அப்புறம் வாராவாரம் செய்து வாராவாரம் மாற்றினாள். அவள் வெளியே போயிருக்கும் நேரத்தில் உடைந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் அதே மெஷின் கம்பெனியின் விளம்பரம் கண்ணில் பட்டது. “எங்கள் அறிவு உங்கள் அறிவு. லைசென்ஸ் பெறுவீர், வளம் பெறுவீர்.”

“பாரேன், எவ்வளவு நல்ல மனசு,” என்றார் கணவர். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினாலும் அவருக்கு நக்கல் குறையவில்லை. “போய் ஒரு கைப்பிடி அறிவு வாங்கிட்டு வா.”

கம்பெனி லைசென்ஸ் கொடுக்கும் இடத்துக்குப் பகிர்வு மாளிகை என்று பெயர், முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பது எதுவும் வெளியே தெரியாத வகைக் கண்ணாடி. “இங்கே அறிவு பகிரப்படுகிறது. அனுமதியின்றி உள்ளே எட்டிப் பார்க்காதீர்” என்று பலகை வைத்திருந்தார்கள். உள்ளே காண்பது எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாசலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். உள்ளே ஒரு சோபாவும் தொட்டியில் ஒரு செடியும் இருந்தன. அந்தச் செடியைப் பற்றி அவள் இன்றுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

பகிர்வு அதிகாரி தேன் ஒழுகப் பேசுகிற மனிதர். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்.

“எங்க அறிவைக் கொடுக்கறதுக்கு முன்னாடி, அது உங்ககிட்ட ஏற்கெனவே இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும்மா. ரப்பரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“சூடு பண்ணினா இளகும்.”

அதிகாரியின் பேனா நின்றது. “இது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?”

“அடுப்புப் பக்கத்துல செருப்பை விட்டா யாருக்கும் தெரியுமே சார்.”

“யாரோட செருப்பு?”

“எங்க வீட்டுக்காரரோடது.”

“அந்தச் செருப்புக் கம்பெனியோட உங்களுக்கு ஏதாவது ஒப்பந்தம் இருக்கா?”

அவள் குனிந்து தன் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். அவர் பெருமூச்சு விட்டு, “செருப்பு வழியாகக் கசிந்த பொது அறிவு, ஆபத்தில்லை” என்று எழுதிக்கொண்டார். பிறகு அறியாமை உறுதிமொழி என்று ஒரு தாளை நீட்டினார். இந்த வளையத்தைச் சரியாகச் செய்வது எப்படி என்று தனக்குச் சிறிதும் தெரியாது என அவள் சத்தியம் செய்ய வேண்டும்.

“நான் செஞ்சு பார்த்திருக்கேனே சார். ஒரு வாரம் வந்துச்சு.”

“ஒரு வாரத்துல உடைஞ்சுதா?” அவர் முகம் மலர்ந்தது. “அப்போ உங்களுக்குத் தெரியாதுன்னுதான் அர்த்தம். தைரியமாப் போடுங்க.” கையெழுத்தைப் பார்த்துவிட்டு மனதாரப் பாராட்டினார். “உங்க அறியாமை ரொம்பச் சுத்தமா இருக்கும்மா. பெரிய கம்பெனிக்காரங்ககிட்டகூட இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததில்லை.”

கட்டணத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினாள். லைசென்ஸைக் கையில் கொடுக்க மாட்டார்களாம். பகிர்வு தினத்தன்று விழா எடுத்துத்தான் கொடுப்பார்களாம்.

விழா மண்டபத்தில் குளிர் எலும்பைக் குத்தியது. கம்பெனித் தலைவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே! அறிவைப் பூட்டி வெச்சுக்கறவன் கஞ்சன். நாங்க அப்படி இல்லை. அந்தப் பூட்டையே எல்லாரோடயும் பகிர்ந்துக்கறோம்.” கைதட்டல். “இந்த ஒரு வளையத்துக்கான அறிவை எத்தனையோ கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கோம். இன்னைக்கு வரைக்கும் அதுல ஒருத்தர்கூட ஒரே ஒரு வளையம்கூடச் செய்யலைன்னு பெருமையோட சொல்லிக்கறேன். கொடுத்த அறிவு கொடுத்தபடியே, ஒரு கீறல் விழாம இருக்கு. இதைவிடப் பொறுப்பா யாரால பகிர முடியும்?”

மண்டபமே எழுந்து நின்று தட்டியது. அக்காவும் எழுந்தாள். எல்லாரும் எழும்போது உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்றுதான். பக்கத்தில் தொந்தியும் கோட்டுமாக ஒருவர் இருந்தார். போட்டிக் கம்பெனி முதலாளியாம்.

“நீங்க எப்படி சார் வளையம் செய்யறீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்.”

“செய்யறதா? ஐயையோ!” அவர் பதறிப்போனார். “இவங்க பேட்டண்ட் ஒரு கட்டு எங்ககிட்ட இருக்கு, எங்க பேட்டண்ட் ஒரு கட்டு இவங்ககிட்ட இருக்கு. ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸ் போட மாட்டோம். புதுசா யாராவது தொழிலுக்குள்ள வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து போடுவோம். இதுக்குப் பேருதான்மா பகிர்வு.”

“புதுசா யாரு சார் வருவாங்க?”

அவர் அவளைப் பரிவோடு பார்த்தார். “இதோ, நீங்க வந்திருக்கீங்களே.”

மேடையில் கண்ணாடிச் சட்டம் போட்ட லைசென்ஸைக் கொடுத்துப் படம் பிடித்தார்கள். அவள் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஆணியில் மாட்ட ஒரு கொக்கி இருந்தது. வேறொன்றும் இல்லை. இறங்கும்போது பகிர்வு அதிகாரியின் காதோரம் கேட்டாள்.

“சார், வளையத்தை எப்படிச் செய்யறதுன்னு இதுல எங்கயும் இல்லையே?”

“அது எப்படிம்மா இதுல இருக்கும்? நீங்க வளையம் செஞ்சா நாங்க கேஸ் போட மாட்டோம்னு கொடுக்கற வாக்குதான் லைசென்ஸ்.”

“எனக்குத்தான் செய்யத் தெரியாதுன்னு சத்தியமே வாங்கினீங்களே?”

“அதனாலதான் தைரியமா வாக்குக் கொடுக்கறோம்.”

செய்முறை வேண்டுமானால் காப்புரிமைப் பத்திரத்தைப் பார்க்கலாம் என்று மாளிகையின் அடித்தளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தப் பத்திரத்தை எழுதிய வரைவு வக்கீல் இருந்தார். பத்திரத்தைப் பட்டுத் துணியிலிருந்து எடுத்து, குழந்தையைக் காட்டுவதுபோலக் காட்டினார். “தகுந்த ரப்பரைத் தகுந்த பொருளுடன் கலந்து, தகுந்த சூட்டில், தகுந்த நேரம் வைத்து, தகுந்தபடி எடுப்பது.” இதே ரீதியில் பக்கம் பக்கமாகப் போயிற்று.

“எவ்வளவு சூடு சார்?”

“தகுந்த சூடு.”

“அதான் சார், எவ்வளவு?”

வக்கீல் சிரித்தார். “ஊர் உலகத்துக்குத் தெரியற மாதிரி எழுதிக் கொடுத்தாதான் பேட்டண்ட்னு சட்டம் இருக்கும்மா. நானும் எழுதிக் கொடுத்துட்டேன். ஒளிவுமறைவே கிடையாது. ஆனா இதைப் படிச்சு எவனாவது ஒரு வளையம் செஞ்சுட்டான்னா அன்னைக்கே தொழிலை விட்டுடறேன்.” குரல் தழுதழுத்தது. “எழுதி முடிச்சுட்டுப் படிச்சுப் பார்த்தேன். எனக்கே ஒண்ணும் புரியலை. அன்னைக்கு வந்த திருப்தி இருக்கே, அது கோடி கொடுத்தாலும் வராது.”

“அப்போ இந்த வளையம் செய்யத் தெரிஞ்சவங்க இங்க யாருதான் சார்?”

“யாரும் இல்லையே. இந்த பேட்டண்டை இன்னொரு கம்பெனிகிட்ட இருந்து வாங்கினோம். பேட்டண்டை மட்டும்தான் வாங்கினோம், ஆளுங்களை வாங்கலை. ஆளுன்னா மாசாமாசம் சம்பளம் கேப்பான். செய்யத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருந்தார். எதையும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டோம். நாங்களே கேட்டாலும் சொல்ல மாட்டார். அவ்வளவு நல்ல மனுஷன்.”

இல்லாத அறிவுக்குக் கட்டணம் கட்டி, இல்லாத அறிவைப் பெற்றதற்கு விழா எடுத்து, இல்லாத அறிவுக்குச் சட்டமும் போட்டு எடுத்துக்கொண்டு அக்கா வீடு வந்து சேர்ந்தாள்.

“அறிவு கிடைச்சுதா?” என்றார் கணவர்.

“கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்காங்க. எங்க மாட்டட்டும்?”

“மெஷினுக்குள்ள மாட்டிப் பாரேன். கசிவு நின்னாலும் நிக்கும்.”

அவர் சிரித்தது இருமலில் முடிந்தது. இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவள் முதுகைத் தடவிக்கொண்டே மெஷினின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் அடுப்பைப் பார்த்துக்கொள்வது அவளுடைய நாத்தனார். கை வேலை செய்தால் வாயும் வேலை செய்தாக வேண்டும் அவளுக்கு. ஒரு நாள் மதியம், பக்கத்துக் கடைக்காரியோடு ஊர் வம்பு பேசிக்கொண்டே, சுட்டு எடுத்து ஆறவைத்திருந்த வளையத் தட்டைச் சுடாத தட்டு என்று நினைத்து மறுபடி அடுப்பில் தள்ளிவிட்டாள். அதுவும் வேறு சரக்குக்காகச் சூட்டைக் குறைத்து வைத்திருந்த அடுப்பு. சாயங்காலம் திறந்து பார்த்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அண்ணி, திட்டாதீங்க. சுட்டதையே திரும்பச் சுட்டுட்டேன்.”

“உங்க அண்ணனோட மூச்சுடி அந்தத் தட்டுல இருந்தது! வாயைப் பார்த்தியா, அடுப்பைப் பார்த்தியா?”

திட்டித் தீர்த்தாலும் வேறு வளையம் கைவசம் இல்லை. கெட்டுப்போன அதையே மாட்டினாள். வாரம் முடிந்தது, உடையவில்லை. மாதம் முடிந்தது, உடையவில்லை. கழற்றிப் பார்த்தால் புதிதுபோல மெத்தென்று இருந்தது. ஏன் என்று அவளுக்கும் தெரியாது, நாத்தனாருக்கும் தெரியாது. கணவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். மெஷின் கத்துமோ என்ற பயமில்லாமல் அக்கா கடைவீதிக்குப் போய்வந்தாள். அதே பழைய மெஷினை வைத்துக்கொண்டு திண்டாடிய குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தேடி வந்தன. அடக்க விலைக்குக் கொடுத்தாள், இல்லாதவர்களுக்குச் சும்மாவே கொடுத்தாள்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவள் நல்லவள். லைசென்ஸ் கொடுத்தவர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்களே என்று போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

எத்தனை கேட்டும் செய்முறையைச் சொல்லாதவர்கள் அன்று மதியத்துக்குள் வாசலில் கார் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பகிர்வு அதிகாரி, கேமராக்காரர், வரைவு வக்கீல் என்று பட்டறை நிறைந்தது. நாத்தனாரை மறுபடி ஒருமுறை மறந்துகாட்டச் சொல்லிப் படம் பிடித்தார்கள். அப்புறம் அதிகாரி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். லைசென்ஸ் பெற்றவர் செய்யும் எந்த மேம்பாடும் லைசென்ஸ் தந்தவருக்கே சொந்தம்.

நாத்தனாருக்கு மூக்கு விடைத்தது. “நான் மறந்துபோனதுகூடவா உங்களுக்குச் சொந்தம்?”

“மறதி உங்களோடதும்மா, அதுல நாங்க தலையிடறதில்லை. அதோட பலன் மட்டும்தான் எங்களோடது.”

வக்கீல் அதைப் புதுக் காப்புரிமையாக எழுதி வாங்கினார். “தகுந்த தடவைகள் தகுந்தபடி வெப்பப்படுத்தல்.” தலைவர் அந்தத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம் பத்திரிகையில் வந்தது. தட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

அடுத்து அக்காவுக்கு ஒரு நோட்டீஸ். அவளுடைய லைசென்ஸ் ஒரு தடவை சுடுவதற்கு மட்டும்தான் செல்லுமாம். இரண்டு தடவை சுட்டால் அது கம்பெனியின் புது அறிவைத் திருடுவதாம். மறுபடியும் பகிர்வு மாளிகைக்கு ஓடினாள். அதிகாரி அதே தேன் ஒழுக அதே அறியாமை உறுதிமொழியை நீட்டினார்.

“எனக்குத் தெரியுமே சார். எங்க பட்டறையிலதானே இது நடந்துச்சு.”

“அதான்மா பிரச்சினை. ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்கு நாங்க எப்படி அறிவைக் கொடுக்க முடியும்?”

“சரி, தெரியாதுன்னே போட்டுத் தர்றேன்.”

“பொய்ச் சத்தியமா?” அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். “எங்க கம்பெனி நேர்மைக்குப் பேர் போனதும்மா.”

“அப்போ நீங்களே செஞ்சு வித்துக்கோங்க சார். வரிசையில நின்னு வாங்கிக்கறேன்.”

“இந்த வளையம் இப்படி வருஷக்கணக்குல உழைச்சா புது மெஷினை எவன் வாங்குவான்?” என்றார் அதிகாரி. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். “யாரும் செய்யாம இருக்கறதுக்குத்தானேம்மா இதை பேட்டண்ட் எடுத்தது.”

அக்கா மாளிகையை விட்டு வெளியே வந்தாள். மூச்சை விற்கிறவர்களைக்கூடப் புரிந்துகொள்ளலாம். இவர்கள் விற்கவும் மாட்டார்கள், செய்யவும் மாட்டார்கள், செய்கிறவளை விடவும் மாட்டார்கள். இதற்கு ஒரு மாளிகை, ஒரு விழா, கைதட்ட ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தோடு தானும் எழுந்து நின்று தட்டியதை நினைத்தபோது தன் கையையே வெட்டிப் போடலாம்போல இருந்தது அவளுக்கு.

ஒரு காலையில் மீட்பு அலுவலர் வந்தார். திருட்டு அறிவு எங்கெங்கே இருக்கிறதோ அங்கங்கே போய் மீட்டுக்கொண்டு வருவது அவர் உத்தியோகம். பட்டறை வாசலில் வளையத்துக்காக வழக்கம்போலக் கூட்டம் நின்றிருந்தது. ஒருத்தி மாமியாருக்காக, ஒருவர் மகளுக்காக, இப்படி. அலுவலர் அவர்களை விலக்கிக்கொண்டு நேரே வீட்டு முன்னறைக்கு வந்தார். திருப்புளியை எடுத்தார்.

“மெஷினை அணைங்கம்மா. சின்ன வேலைதான்.”

கட்டிலில் இருந்த கணவர் மனைவியைப் பார்த்தார். அக்கா பிளக்கை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“வளையத்தை எடுத்துட்டா அந்த இடத்துல எதைப் போடுவீங்க?”

“கம்பெனியோட அசல் வளையத்தை.”

“கொண்டுவந்திருக்கீங்களா?”

“அது இப்போ தயாரிப்புல இல்லை.”

“அப்போ அந்த இடம்?”

“காலியா இருக்கும்.” அவர் கொஞ்சம் யோசித்து, ஆறுதலாக ஒன்று சொன்னார். “ஆனா சட்டப்படி இருக்கும்மா.”

“அவர் எப்படி மூச்சு விடுவார்?”

“அது மருத்துவத் துறை. அதுல எங்களுக்கு பேட்டண்ட் கிடையாது, நாங்க கருத்து சொல்லக் கூடாது.”

அக்கா அந்த ஆளையே பார்த்தாள். கெட்டவன் முகமாகக்கூட இல்லை. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற முகம்தான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. நாத்தனாரைப் பிளக்குக்குக் காவல் நிறுத்திவிட்டு, விறுவிறுவென்று வாசற்படிக்குப் போனாள்.

“எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க!” தெரு திரும்பிப் பார்த்தது. “வளையத்தை அச்சுல சுட்டு எடுத்ததும் அப்படியே விட்டுடாதீங்க! ஆறினதும் திரும்ப அடுப்புல வையுங்க! சூட்டைப் பாதியாக் குறைச்சுட்டு, மதியத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் வையுங்க! எந்த ரப்பர் பட்டறையில வேணும்னாலும் போய்ச் சொல்லுங்க! எல்லாருக்கும் சொல்லுங்க!”

மீட்பு அலுவலர் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “அம்மா, நிறுத்துங்க! என் காதுல விழுது! எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா என்னையும் மீட்க வேண்டியிருக்கும்! அம்மா!”

நாளைக்குப் பட்டறைக் கதவில் பூட்டு தொங்கும், கோர்ட்டு வாசலில் செருப்புத் தேயும். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. தொண்டை கட்டிக்கொண்டு குரல் பிசிறியது. ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்று உள்ளே திரும்பினாள்.

கணவர் மூக்குக் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சைச் சேர்த்துச் சேர்த்து அவளிடம் சொன்னார்.

“இன்னும் சத்தமாச் சொல்லு. பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலை.”